என் மரக் காரில் எங்கே பிழை? போர்ஷே 911இன் வடிவம் பற்றிய ஓர் இழை

நானுஓயா உளி

அனைவருக்கும் வணக்கம். நான் நானுஓயாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்ப்பவன். வேலை முடிந்து வந்த பிறகு இரவில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் சற்றுக் கூடுதலாக, கடந்த ஐந்து மாதங்களாக ஒரு சவுக்குக் கட்டையில் போர்ஷே 911 காரைச் செதுக்கி வருகிறேன். பத்தில் ஒரு பங்கு அளவு: நீளம் 416 மில்லிமீற்றர், அகலம் 161, உயரம் 132.

சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதத்தில், நுவரெலியாவில் கூட்டம் நிரம்பி வழியும் அந்த வசந்த காலத்தில், கிரெகரி வாவியின் கரையோரம் ஒரு பழைய 911 நின்றுகொண்டிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. கூரையில் விழுந்த நீர் எங்கும் தேங்காமல், முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து பின் பம்பர் வரைக்கும் ஒரே ஓட்டமாக வழிந்து இறங்கியதைப் பார்த்தபடி குடையோடு நெடுநேரம் நின்றேன். அந்த ஓட்டத்தை மரத்தில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

இப்போது என் சிக்கலைச் சொல்கிறேன். கண்ணாடி, விளக்கு, வர்ணம் எதுவும் இல்லாத வெறும் மரமாக இருக்கும்போதே, பார்த்தவர்கள் இது இன்ன கார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் பின்பாகம் எனக்கு ஒவ்வவில்லை. வால் நீண்டு, தரையில் இழுபடுவது போல இருக்கிறது. கூரைக் கோட்டை மூன்று முறை இழைத்துத் திருத்தினேன், குறை போகவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். எந்த இடத்தில் பிழை என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? விளக்கும் வர்ணமும் இல்லாமலேயே அடையாளம் தெரியும் அளவுக்கு இந்த வடிவத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பண்டாரவளை வரைபலகை

வணக்கம் தம்பி. நான் பாடசாலையில் தொழில்நுட்ப வரைதல் கற்பிப்பவள். உங்களுடைய இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கு விடை சொல்ல உங்கள் படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அளவுகளும் வேண்டும்.

1950களின் இறுதியில் போர்ஷே நிறுவனத்திடம் 356 என்ற ஒரே கார்தான் விற்பனையில் இருந்தது. அதற்கு வயதாகிவிட்டது. நிறுவனத்தை நடத்திய பெரி போர்ஷே கேட்டவை அதைவிடக் கூடுதல் இடம், கூடுதல் வலு, குறைந்த இரைச்சல். உடற்கட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த எர்வின் கோமெண்டா நான்கு பேர் வசதியாக அமரும் பெரிய காரை நோக்கி நகர்ந்தார். பெரியின் மகன் பெர்டினண்ட் அலெக்சாண்டர், வீட்டில் புட்சி என்று அழைக்கப்பட்டவர், டி7 என்ற முன்மாதிரியை வரைந்தார். அந்த முன்மாதிரி இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் படத்தில் வாலிலிருந்து கதவுக்குப் பின்னாலுள்ள நடுத்தூண் வரைக்கும் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், தெரிவது ஏறத்தாழ இன்றைய 911. கையை எடுத்தால் பின்னிருக்கைக்காரர்களின் தலைக்கு இடம் விடுவதற்காக உயர்த்திய கூரை தெரியும், அது வேறொரு காருடையது போல இருக்கும்.

பெரி அந்த இடத்தில் ஒரு எல்லை வகுத்தார். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 2.2 மீற்றரை ஒட்டியே இருக்க வேண்டும், பின்னால் இருப்பவை சிறிய இருக்கைகளாக இருந்தால் போதும் என்றார். நான்கு பேருக்கான கூரை தேவையில்லை என்றானதும், கோடு உயர்ந்து நிற்க வேண்டிய காரணமும் போய்விட்டது. அது சரிந்து இறங்கியது. நீங்கள் தூறலில் பார்த்த ஓட்டம் அந்த எல்லையால் பிறந்தது. 1963 செப்டெம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் அது 901 என்ற பெயரில் வைக்கப்பட்டது. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்கப் பெயர்களுக்குப் பிரான்சில் பேஜோ உரிமை கொண்டாடியதால் அடுத்த ஆண்டு 911 ஆயிற்று. கண்காட்சியின்போது புட்சிக்கு வயது 27.

என் மாணவர்களுக்கு நான் காட்டும் ஒன்றை இங்கேயும் எழுதுகிறேன். இந்தக் காரை ஐந்து கோடுகளில் வரையலாம்: இரண்டு சக்கரங்கள், முன் மட்கார்டின் மேல்விளிம்பு, அதைவிடத் தாழ்ந்த பொனட், கூரையிலிருந்து வால்வரை ஒரே வளைவு. பொனட்டை மட்கார்டின் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் மற்ற நான்கும் சரியாக இருந்தாலும் கார் காணாமற்போய்விடும். மாணவர்கள் அழித்து அழித்துப் பார்த்து இதைத் தாமே கண்டுபிடிப்பார்கள். ஒரு பொருளின் அடையாளம் அதன் உறுப்புகளில் இருப்பதைவிட உறுப்புகளுக்கு இடையிலுள்ள உறவில் அதிகம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இந்தக் காரே காரணம்.

ஹட்டன் பழைய கராஜ்

தங்கச்சி சொன்னதை என் தொழில் வழியாகச் சொல்கிறேன். நாற்பது வருடங்களாக டிங்கரிங் வேலை செய்கிறேன். போர்ஷேயைத் தொட்டு வேலை செய்யும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. ஆனால் அதன் பெரியப்பா முறையான வோக்ஸ்வேகன் பீட்டில் எத்தனையோ என் கைக்குள் வந்து போயிருக்கிறது. அந்தக் காலத்தில் துரைமாரும் தோட்டத்து டொக்டர்மாரும் வைத்திருந்தவை அவை.

பொனட் ஏன் தாழ்ந்திருக்கிறது? அதன் கீழே இயந்திரம் இல்லை. இருப்பவை பெற்றோல் தாங்கியும் உதிரிச் சக்கரமும் பெட்டி வைக்கும் இடமுந்தான். விளக்கை மட்டும் தாழ்த்த முடியாது, அது பாதையில் வெளிச்சம் போட வேண்டிய உயரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே விளக்கு மட்கார்டின் உச்சியில் நிற்கிறது, நடுவே பொனட் பள்ளத்தாக்குப் போல இறங்கிக் கிடக்கிறது. பழைய 911இன் முகத்தில் வாய் இல்லாததற்கும் இதே காரணந்தான். காற்றால் குளிரும் இயந்திரம் பின்னால் இருக்கும்போது முன்னால் றேடியேற்றர் எதற்கு? இனிப் பின்பக்கம். ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாக, நின்ற நிலையில் இல்லாமல் படுத்த நிலையில் இருக்கின்றன. முதற்காரில் 1991 கன சென்ரிமீற்றர், 130 குதிரைவலு. படுத்த இயந்திரம் உயரம் கேட்காது என்பதால் கூரை அதன் மேலே தாழ்ந்து படிய முடிந்தது. முதலில் அழகை வரைந்து பிறகு இயந்திரத்தைத் திணிக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இருக்கிற சாமானுக்கு மேல் தகட்டைப் போர்த்தினால் எப்படி விழுமோ அப்படி விழுந்திருக்கிறது.

மலைப்பாதையில் ஓட்டுபவனுக்கு இதிலே இன்னொரு பலன் உண்டு. ரம்பொடைப் பக்கம் மூடுபனி இறங்கி, வெள்ளைக் கோடுகூடத் தெரியாத நேரத்தில், பீட்டிலின் ஆசனத்தில் இருந்து பார்த்தால் இரண்டு மட்கார்டுகளும் இரண்டு தோள்களைப் போல உயர்ந்து தெரியும். அந்தத் தோளுக்கு நேர் கீழே சக்கரம். வடிகானுக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளி என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும். 911இலும் அதே காட்சிதான். முன்னால் எதுவுமே தெரியாமல் சரிந்து போகும் இப்போதைய கார்களில் உட்கார்ந்தால், என் காரின் மூக்கு எங்கே முடிகிறது என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நான் தொட்ட அந்த ஒரு போர்ஷேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வேறொரு கராஜில் முன் மட்கார்டுக்குப் பட்டி அப்பிப் பூசப்பட்டு, பிறகு என்னிடம் வந்தது. வர்ணம் பளபளவென்று இருந்தது. இடது பக்க விளக்கின் வளையம் மட்டும் ஒரு விரல் தடிப்புக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான், கார் முழுவதுமே சோர்ந்த முகமாக நின்றது. உரிமையாளருக்கும் என்னவோ பிழை என்று தெரிந்தது, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டின் மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை வலப்பக்கத்தில் ஓடவிட்டேன். பிறகு இடப்பக்கம். துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், கண்ணுக்குப் படாத மேடுகூடக் கையில் தட்டும். இரண்டு பக்கமும் கைக்கு ஒன்றாகும் வரை பட்டியைச் சுரண்டித் தகட்டைத் தட்டி எடுக்க ஒன்பது நாள் ஆனது.

தம்பி, உங்கள் மரக் காருக்கும் துணியைப் போட்டுத் தடவிப் பாருங்கள். அதோடு எனக்கு இரண்டு விபரம் வேண்டும். உடலின் வடிவத்தை எந்த வருடக் காரைப் பார்த்துச் செதுக்கினீர்கள்? சக்கரம் இருக்கும் இடத்தை எதிலிருந்து எடுத்தீர்கள்?

பதுளைப் பாதை

பெரியவர்கள் எழுதியவற்றை மதிப்போடு படித்தேன். இருந்தாலும் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. அறுபது ஆண்டுகளாக ஒரே சட்டையை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? அந்த நிறுவனமே இந்த வடிவத்தை விட்டுவிட முயன்றது. 1977இல் 928 வந்தது: இயந்திரம் முன்னால், எட்டு சிலிண்டர்கள், நீரால் குளிரூட்டல். 1978ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்ற விருதையும் பெற்றது. 911ஐ ஓய்வுக்கு அனுப்பத்தான் அது உருவாக்கப்பட்டது. வாங்குபவர்கள் பழையதைக் கைவிட மறுத்ததால், நிறுவனம் அச்சத்தில் பழையதிலேயே நின்றுவிட்டது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். துணிந்து மாற்றிய ஒரே தடவை 1997இல் வந்த 996 (911இன் ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறுவனம் இப்படி ஓர் உள் எண் வைக்கிறது). அதன் விளக்குகளைப் பொரித்த முட்டை என்று பழித்து, அடுத்த தலைமுறையில் மறுபடியும் வட்ட விளக்குக்கே திருப்பிவிட்டார்கள். பயணிப்பவரின் விருப்பத்துக்குப் பயந்து சாரதி பாதையை மாற்றாமல் இருந்தால், அதைப் பாராட்டுவதா?

பண்டாரவளை வரைபலகை

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது, ஆனால் அதன் அடித்தளத்தில் ஓர் ஊகம் இருக்கிறது: தோற்றம் மாறாவிட்டால் எதுவும் மாறவில்லை என்ற ஊகம்.

1974ஆம் ஆண்டின் காரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் மோதினாலும் சேதமடையாத பம்பர் வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காகப் பல நிறுவனங்கள் நல்ல கார்களின் முன்னும் பின்னும் இரும்புப் படிகளை ஒட்டவைத்து உருவத்தைக் குலைத்துக்கொண்டன. போர்ஷே அலுமினிய பம்பரைச் சற்று உயர்த்தி, உடலின் நிறத்திலேயே பூசி, அது உள்வாங்கும் இடத்தில் ஆர்மோனியத் துருத்தியைப் போன்ற கறுப்பு ரப்பர் மடிப்பை வைத்தது. சட்டம் கேட்ட இடைவெளி மறைக்கப்படவில்லை, ஒரு மடிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தத் தீர்வு பதினைந்து ஆண்டுகள் நின்றது. பழைய கோட்டின் மேல் புதிய கடமை வந்து விழும்போது என்ன செய்வது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என் வகுப்பில் நான் இன்னும் காட்டியதில்லை.

1988இல் வந்த 964ஐப் பாருங்கள். பாகங்களில் எண்பத்தைந்து சதவீதம் புதியவை என்று அறிவிக்கப்பட்டது. சக்கரங்களைத் தாங்கிய முறுக்குத் தண்டுகள் போய்ச் சுருள்வில்கள் வந்தன, நான்கு சக்கரங்களுக்கும் வலு கடத்தப்பட்டது, காற்றின் எதிர்ப்புக் கெழு 0.32க்கு இறங்கியது. பின்னிறக்கை மணிக்கு 80 கிலோமீற்றரில் தானே எழுந்து, வேகம் தணிந்ததும் உடலுக்குள் படிந்துகொண்டது. நிற்கும்போது பழைய ஓட்டம் கெடக்கூடாது, ஓடும்போது வால் தூக்கக்கூடாது என்ற இரண்டு தேவைகளையும் ஒரு மூட்டினால் தீர்த்திருக்கிறார்கள். பாதையில் அதைக் கடந்து போகிறவர், ஒரு பழைய கார் போகிறது என்றே நினைத்திருப்பார்.

928 பற்றி நீங்கள் சொன்னது உண்மை. 911ஐ நிறுத்தும் எண்ணம் இருந்தது. 1981இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முட் பொட்டின் அறையில் இருந்த அட்டவணையில் மற்றக் கார்களின் கோடுகள் நீண்டு போவதையும் 911இன் கோடு அந்த ஆண்டோடு நிற்பதையும் கண்டு, பேனையை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணையைத் தாண்டிச் சுவரிலும் இழுத்தார் என்பது அவரே பலமுறை சொன்ன நிகழ்ச்சி. அதை அச்சம் என்று என்னால் கொள்ள முடியவில்லை. ஏற்கெனவே பெருந்தொகை செலவழித்துப் புதிய காரை உருவாக்கிவிட்ட நிறுவனம், தன் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொள்வதற்கும் துணிவு வேண்டும்.

தலவாக்கலைத் தண்டவாளம்

996ஐ யாரும் தாங்கிப் பேசாததால் நான் பேசுகிறேன். 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. வெண்டலின் வீடெக்கிங் தலைமையில் உற்பத்தி முறையையே மாற்றினார்கள், யப்பானிய வல்லுநர்களை அழைத்துக் கற்றார்கள். கதவு வரைக்குமான முன்பாகத்தை நிறுவனத்தின் மற்றொரு காரான பொக்ஸ்டரும் 996உம் பகிர்ந்துகொண்டன. பெருவிளக்கு, சைகை விளக்கு எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்தது பொருத்தும் நேரத்தையும் செலவையும் குறைப்பதற்காக. அந்தச் சிக்கனம் இல்லாதிருந்தால் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் வரலாறு 1990களோடு முடிந்திருக்கக்கூடும்.

996இல் இயந்திரத்தைக் காற்றுக்குப் பதிலாக நீரால் குளிர்வித்ததும் விருப்பத்தால் நடந்ததல்ல. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தால் அந்தத் தலையைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது கடினம். புகைக்கும் இரைச்சலுக்கும் விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. ஹட்டன் ஐயா சொன்ன வாயில்லாத முகத்துக்கு 1997இல்தான் உண்மையில் வாய் திறந்தது. பம்பரின் இரு ஓரங்களிலும் றேடியேற்றருக்கான துளைகளைக் கீழே ஒதுக்கி வைத்ததால், நடுப்பகுதி பழைய அமைதியோடு இருந்தது. விளக்கைப் பற்றியே எல்லோரும் பேசியதில் இந்த வேலையின் நுட்பம் கவனிக்கப்படாமல் போய்விட்டது என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆனாலும் 2004இல் 997 வட்ட விளக்கோடு வந்தபோது நான் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். விளக்கு வட்டமானால்தான் மட்கார்டின் உருளை தன் முடிவை அடைகிறது. 996இன் விளக்கு அந்த உருளையிலிருந்து கீழே உருகி வழிந்தது.

வால் இறக்கைகளைப் பற்றியும் ஒரு குறிப்பு. 1973க்கான கரேரா ஆர்எஸ் காரில் வந்த வாத்துவாலை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். சரிந்த கூரையின் மேல் ஒட்டிக்கொண்டு ஓடும் காற்று பின்பக்கத்தைத் தூக்கியது, அதைத் தடுக்க வந்த சிறு அணை அது. பந்தய விதிக்காக ஐந்நூறு கார்கள் செய்தால் போதும் என்று தொடங்கி, கடைசியில் 1580 செய்ய நேர்ந்தது. பிறகு 1978க்கான 3.3 லீற்றர் டர்போவில் விளிம்பு உயர்ந்த அகலமான இறக்கை வந்தது. உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் கருவிக்கு இயந்திரத்தின் மேல் இடம் தேவைப்பட்டதால் அந்த உயரம். அதை உலகமெங்கும் தேநீர்த் தட்டு என்று அழைக்கிறார்கள். தேயிலைக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தப் பெயரில் ஒரு தனிப் பிரியம்.

நானுஓயா உளி

இத்தனை விரிவான விளக்கங்களை நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

ஹட்டன் ஐயா கேட்ட விபரங்கள்: உடலின் வளைவுகளை 1970ஆம் ஆண்டுக் காரின் படங்களைப் பார்த்துச் செதுக்கினேன். நான் வாவிக்கரையில் பார்த்ததும் அந்தக் காலத்ததுதான். படங்கள் எல்லாம் சற்றுக் கோணலாக எடுக்கப்பட்டவை என்பதால், சக்கரங்களின் இடத்தை அவற்றிலிருந்து அளக்க முடியவில்லை. ஆகவே 1965ஆம் ஆண்டின் அளவுப் பட்டியல் ஒன்றிலிருந்து இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை எடுத்தேன். அதில் 2211 மில்லிமீற்றர் என்று இருந்தது. மொத்த நீளம் இரண்டு ஆண்டுகளுக்கும் ஒன்றேதான், 4163, சரிபார்த்துவிட்டேன். அதனால் மற்ற அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 221 மில்லிமீற்றரில் குறித்து மட்கார்டு வளைவுகளை வெட்டினேன். துணியைப் போட்டுத் தடவியும் பார்த்தேன், கையில் எந்த மேடும் தட்டவில்லை.

ஹட்டன் பழைய கராஜ்

தம்பி, உங்கள் கையும் சரி, கூரையும் சரி. நீங்கள் மூன்று தடவை இழைத்திருக்கவே தேவையில்லை. பின்சக்கரம் இடம் மாறி இருக்கிறது.

1969ஆம் ஆண்டுக்கான கார்களில் அந்தத் தூரத்தை 2268 ஆக்கினார்கள். 57 மில்லிமீற்றர், அதாவது மூன்று விரற்கடை. வெளியே காரின் நீளம் கூடவில்லை, கூரை மாறவில்லை, இயந்திரமும் கியர்பெட்டியும் அசையவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் கைகளை மட்டும் நீட்டிச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி, மட்கார்டின் வளைவையும் அதோடு நகர்த்தினார்கள். பத்தில் ஒன்றாக்கினால் உங்கள் மரத்தில் 5.7 மில்லிமீற்றர். அந்த அளவுக்கு உங்கள் வால் சக்கரத்துக்குப் பின்னால் கூடுதலாக நீண்டு நிற்கிறது. இழுபடுவது போலத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

அதை ஏன் நகர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மலையில் ஓட்டுகிறவர்களுக்கு உடனே விளங்கும். காரின் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மேல். இயந்திரமோ அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. இறக்கத்தில் ஈரமான வளைவுக்குள் சற்று வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்டயரின் பிடி தளரும். பின்னால் தொங்கும் இயந்திரம், கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்லைப் போல, வெளிப்பக்கம் போகப் பார்க்கும். பீட்டிலில் இதை நான் இரண்டு தடவை அனுபவித்தேன், ஒரு தடவை தேயிலைச் செடிகள்தான் பிடித்துக்கொண்டன. ஆரம்ப 911களில் இதைத் தணிக்க முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொன்றும் 11 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். நல்ல வேலைக்காரனுக்கு அது மனம் ஒப்பாத காரியம், எடை குறைந்த கார் செய்யத்தான் அவர்கள் பாடுபட்டார்கள். 1969இல் சக்கரத்தை நகர்த்தினார்கள், ஒரு பெரிய பற்றரிக்குப் பதிலாக இரண்டு சிறிய பற்றரிகளை முன் மூலைகளில் வைத்தார்கள், இயந்திரத்தின் கூட்டை மக்னீசியத்தில் வார்த்து இலகுவாக்கினார்கள்.

ஆகவே 1965ஆம் ஆண்டுக் காரில் வால் அப்படித்தான் நீண்டிருந்தது. உங்கள் கண் பிழை கண்ட அதே இடத்தில் அவர்களுக்குப் பாதை பிழை காட்டியது. படத்தைப் பார்த்த ஒருவர்கூட இதை உங்களிடம் சொல்லாதபோது, ஆறு மில்லிமீற்றர்கூட இல்லாத வேறுபாட்டை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் வேலை படித்தவர்கள் இருந்தால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பதுளைப் பாதை

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். வெளியே யாருக்கும் தெரியாமல் மூன்று விரற்கடை நகர்த்துவதற்கு எடுத்துக்கொண்ட அக்கறை, புதிதாக ஒன்றை வரைவதற்குத் தேவையான அக்கறையைவிடக் குறைந்ததல்ல. அச்சம் என்ற சொல்லை மீளப் பெறுகிறேன்.

இன்றைய காரைப் பற்றிய குறையை மட்டும் விட மாட்டேன். முதற்காரின் அகலம் 1610 மில்லிமீற்றர். 2018இல் வந்த 992இன் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே, 1852. ஒரு சாணுக்கும் சற்றுக் கூடுதல். நீளம் 4163இலிருந்து 4519 ஆகிவிட்டது. எடையும் 1080 கிலோவிலிருந்து ஆயிரத்தைந்நூறைத் தாண்டிவிட்டது. நான் தினமும் பொருள் விநியோக வாகனம் ஓட்டும் தோட்டத்துப் பாதைகளில், எதிரே கொழுந்து லொறி வந்தால், அந்தப் பழைய கார் ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கும். புதியது பின்னுக்குப் போய்த்தான் வழிவிட வேண்டும். கோடுகளுக்கு இடையிலான உறவு மாறவில்லை என்று அக்கா சொன்னது சரி, ஆனால் காருக்கும் பாதைக்கும் இடையிலான உறவு மாறிவிட்டது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பண்டாரவளை வரைபலகை

அதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். மோதற் பாதுகாப்பு, அகன்ற டயர்கள், றேடியேற்றர்கள், ஒலித்தடுப்பு ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில சென்ரிமீற்றர் கேட்டு வாங்கியிருக்கிறது. 2011இல் வந்த 991 அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை ஒரே தடவையில் 100 மில்லிமீற்றர் கூட்டி 2450 ஆக்கியது.

எனக்கு அதைவிட வருத்தம் தருவது ஒரு முள். விற்பனைக்கு வந்த முதற்காரிலிருந்தே ஓட்டுநரின் முன்னால் ஐந்து வட்டங்கள், நடுவில் மிகப் பெரியது இயந்திரத்தின் சுழற்சியைக் காட்டும் மானி. வேகத்தைக் காட்டுவது அதன் பக்கத்தில் சிறியதாக இருக்கும்; காருக்கு எது முக்கியம் என்று அந்த வரிசையே சொல்லிவிடும். 996இல் வட்டங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்தன. 992இல் இருபுறமும் திரைகள் வந்தபோதும் நடுவட்டத்தில் உண்மையான முள் எஞ்சியிருந்தது. 2024இல் திருத்தப்பட்ட காரில் அதுவும் திரைக்குள் போய்விட்டது. திரை அதே ஐந்து வட்டங்களை வரைந்து காட்டுகிறது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. பம்பரில் ரப்பர் மடிப்பை வைத்தவர்கள் இருக்கிற நிலையை மறைக்கவில்லை, திரையில் வரைந்த முள்ளோ இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுகிறது.

தலவாக்கலைத் தண்டவாளம்

அதே ஆண்டில்தான் மின்கலமும் மின்னோடியும் சேர்ந்த கலப்பு இயந்திரமும் வந்தது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் இயந்திரம் பின்னால் தொங்குகிறது, ஆறு சிலிண்டர்களும் படுத்தே இருக்கின்றன. ஹட்டன் ஐயாவின் கணக்குப்படி, போர்த்தியிருக்கும் தகடும் அதனால் அதே வளைவில் விழுகிறது. இயந்திரமே இல்லாத காலம் வரும்போது அந்தக் கூரை எதன் மேல் படியும் என்பதுதான் என்னுடைய கேள்வி.

நானுஓயா உளி

வேலையை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

பின்சக்கர வளைவின் முன்விளிம்பில், அதே கட்டையிலிருந்து மிஞ்சிய சவுக்கிலேயே, பிறை போல ஒரு துண்டை அறுத்து, நார் ஓடும் திசை பொருந்தும்படி வைத்து ஒட்டினேன். இரண்டு பக்கமும் ஒட்டிக் காய்வதற்கு இரண்டு இரவுகள் விட்டேன். மழைக்காலம் என்பதால் பசை எளிதில் இறுகவில்லை. பிறகு அச்சுத் துளையை மரமுளையால் அடைத்து, முன் அச்சிலிருந்து 226.8இல் புதிய துளை போட்டேன். வளைவின் பின்விளிம்பைச் சிறிது சிறிதாகச் சீவி, சக்கரத்தைப் பொருத்தி, மேசையில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். வால் இழுபடவில்லை. கூரையில் நான் எதையுமே தொடவில்லை, ஆனால் கூரைதான் மாறியது போலத் தெரிகிறது.

ஒட்டிய பிறை சற்று நிறம் கூடித் தெரிகிறது. வர்ணம் பூசி மறைக்கலாமா என்று யோசித்தேன். பூசவில்லை. அக்கா எழுதிய அந்த ரப்பர் மடிப்பு நினைவுக்கு வந்தது. மெழுகு மட்டும் தேய்த்து, ஒட்டு தெரியும்படியே விட்டிருக்கிறேன். ஐயா, அடுத்த மாதம் ஹட்டனுக்கு வரும்போது காரை எடுத்து வருகிறேன். துணியைப் போட்டு ஒரு தடவை உங்கள் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.